870 ஆடுகளும் ஒரு வெள்ளை மாத்திரையும்

பதிவு எழுதி ரொம்ப நாளாச்சு மக்களே. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு சொன்னா நம்ப மாட்டீங்க, அதனால சோம்பேறித்தனம்னே ஒத்துக்கறேன். ஆனா போன ஞாயித்துக்கிழமை நடந்த ஒரு விஷயம் என்னைத் திரும்ப உக்காத்தி வச்சு எழுத வச்சிடுச்சு.

நாங்க இருக்கறது நூம்பல். தெரியாதவங்களுக்கு... பூந்தமல்லி ஹைரோட்டுல வேலப்பன்சாவடி வந்து உள்ளே திரும்பணும். திருவேற்காடு கருமாரியம்மன் கோயில் பக்கம்னு சொன்னா எல்லாருக்கும் புரிஞ்சிடும். காலையில எதிர் வீட்டு அம்மா வந்தாங்க. "உன்கிட்ட தனியா ஒண்ணு கேக்கணும்மா"ன்னாங்க. அவங்க பொண்ணுக்கு இருபத்தேழு வயசு. எட்டு மாசத்துக்கு முன்னாடி தைராய்டு கேன்சர்னு ஆபரேஷன் ஆச்சு. அயோடின் சிகிச்சையும் முடிஞ்சது. இப்ப நல்லா இருக்கா, வேலைக்குப் போறா. நல்ல வரன் ஒண்ணு வந்திருக்கு.

"கழுத்துல கோடு மங்கிடுச்சும்மா. அட்டிகை போட்டா தெரியவே தெரியாது. இதைச் சொல்லித்தான் ஆகணுமா? நீ உன் கல்யாணத்துல சொன்னியா?"

என் கழுத்துலயும் அதே கோடு இருக்கு. 2009-லேர்ந்து இருக்கு. அந்தக் கடைசிக் கேள்விக்கு என்கிட்ட சுத்தமான பதில் இல்லை. "சாயங்காலம் சொல்றேம்மா"ன்னு அனுப்பிட்டு, அன்னைக்குப் பூரா யோசிச்சதுதான் இந்தப் பதிவு.

எந்த டாக்டர்கிட்ட போனாலும், பல்லு பிடுங்கப் போனாலும், முதல் கேள்வி "ஹிஸ்டரி ஏதாவது இருக்கா?" ஃபைல்ல முதல் வரியே "முன்பு தைராய்டு புற்றுநோய்"னு இருக்கும். ஸ்கூல்ல ஹிஸ்டரியில 41 மார்க் வாங்கினவளுக்கு வாழ்க்கை பூரா ஹிஸ்டரி துரத்துது பாருங்க. சரி, துரத்தறது என்னன்னு திரும்பிப் பார்ப்போமேன்னு படிக்க ஆரம்பிச்சேன். அதுலேர்ந்து கொஞ்சம்.

தைராய்டுங்கற பேரை வச்சவர் தாமஸ் வார்ட்டன்ங்கற ஆங்கில டாக்டர், 1656-ல. கிரேக்க மொழியில கேடயம்னு அர்த்தம். அதனாலதான் நம்ம புத்தகங்கள்ல கேடயச் சுரப்பின்னு எழுதுவாங்க. பேரு வச்சாங்களே தவிர, அது எதுக்கு இருக்குன்னு அடுத்த இருநூறு வருஷத்துக்கு யாருக்கும் தெரியாது.

தெரிஞ்சது ஒரு தப்புலேர்ந்து. சுவிட்சர்லாந்துல பெர்ன் நகரத்துல தியோடர் கோஹர்னு ஒரு சர்ஜன். மலை நாடு, மண்ணுல அயோடின் கம்மி, ஊருக்கு ஊர் கழுத்துக் கழலை. இவர் ஆபரேஷன் பண்றதுல மன்னன். ரத்தம் கொட்டாம, குரல் நரம்பு அறுபடாம, தைராய்டை முழுசா எடுத்துடுவார். நோயாளி சிரிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போவாங்க. கதை அங்கேயே முடிஞ்சிருக்கலாம். ஆனா அவர் ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்களைத் திரும்ப வரச்சொல்லி ஆள் விட்டார். முழுசா எடுத்தவங்கள்ல 18 பேரைத் திரும்பப் பார்த்ததுல 16 பேருக்கு முகம் ஊதி, பேச்சு இழுத்து, புத்தி மந்தமாகி, ஆளே மாறிப் போயிருந்தாங்க. "என் ஆபரேஷன் வெற்றி"ன்னு சொல்லிக்கிட்டிருந்த மனுஷன், 1883-ல ஜெர்மன் சர்ஜன்கள் மாநாட்டுல எழுந்து நின்னு இதை அறிவிச்சார். சாதாரணக் கழலைக்கு இனி முழுசா எடுக்கக் கூடாதுன்னார். 1909-ல அவருக்கு நோபல் பரிசு. சர்ஜன்கள்ல முதல் நோபல் அவருக்குத்தான்.

எனக்கு இதுல பிடிச்சது நோபல் இல்லைங்க. ஆள் விட்டுக் கூப்பிட்டாரே, அது. அந்த 18 பேரும் "எங்களுக்கு ஒண்ணும் இல்லை"ன்னு வீட்டுக்குள்ளேயே இருந்திருந்தா, தைராய்டு எதுக்குன்னு இன்னும் எத்தனை வருஷம் கழிச்சுத் தெரிஞ்சிருக்குமோ.

அடுத்து ஆட்டுக் கதை. 1891-ல இங்கிலாந்துல நியூகாசில்ல ஜார்ஜ் மர்ரேன்னு ஒரு டாக்டர். தைராய்டு வேலை செய்யாம ஊதிப் போன 46 வயசு பெண்மணி ஒருத்தங்களுக்கு, ஆட்டோட தைராய்டைச் சாறெடுத்து ஊசி போட்டார். தேறிட்டாங்க! அடுத்த வருஷமே ஊசி வேண்டாம், வாய்வழியாவே சாப்பிட்டாப் போதும்னு தெரிஞ்சுபோச்சு. அந்தம்மா 1919-ல 74 வயசுல காலமானாங்க. 28 வருஷம்! மர்ரே உக்காந்து கணக்குப் போட்டிருக்கார், அவங்களுக்காக 870-க்கும் மேல ஆடுகள் ஆகியிருக்குன்னு. பூந்தமல்லி மார்க்கெட்ல வாராவாரம் கறி வாங்கறவங்களுக்குக் கூட ஆயுசுக்கு இவ்வளவு ஆடு ஆகுமான்னு தெரியல.

அதுக்கப்புறம் 1914 கிறிஸ்துமஸ் அன்னைக்கு அமெரிக்காவுல மேயோ கிளினிக்ல எட்வர்ட் கெண்டல் தைராக்ஸினைத் தனியாப் பிரிச்சார். 1926, 27-ல லண்டன்ல சார்லஸ் ஹாரிங்டன் அதோட அமைப்பைக் கண்டுபிடிச்சு ஆய்வகத்துலேயே செய்து காட்டினார். ஆடு தப்பிச்சது. இன்னைக்கு நான் தினமும் காலையில முழுங்கற குட்டி வெள்ளை மாத்திரை இந்தப் பரம்பரையில வந்ததுதான்.

இப்ப கொசுவத்தி சுத்தறேன்.

2011-ல எனக்குக் கல்யாணம். ஆபரேஷன் ஆகி ரெண்டு வருஷம். மாப்பிள்ளைகிட்ட நானே சொல்லிட்டேன். "சரி"ன்னு ஒத்தை வார்த்தையில முடிச்சுட்டார். ஆனா எங்கம்மா ஒரு கண்டிஷன் போட்டாங்க, "மாமியார் வீட்டுல யாருக்கும் தெரியக் கூடாது." கேன்சர்ங்கற வார்த்தைக்கு அவங்க காலத்துல ஒரே அர்த்தம். அம்பத்தூர்ல கூட்டுக் குடும்பம். மாத்திரை பட்டையை ஹேண்ட்பேக் உள்பாக்கெட்ல வச்சிருப்பேன்.

தைராக்ஸினை வெறும் வயித்துல தண்ணியோட போட்டுட்டு அரைமணியிலேர்ந்து ஒரு மணி நேரம் வரைக்கும் காபி, டீ எதுவும் குடிக்கக் கூடாது. இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைக்கும் இதுக்கும் நாலு மணி நேரமாவது இடைவெளி வேணும். எங்க அத்தை அஞ்சரை மணிக்கெல்லாம் டிகாஷன் இறக்கி, எனக்குன்னு நுரை பொங்க ஒரு டம்ளர் கொண்டு வந்து நீட்டுவாங்க. பாசமா தர்றதை "அப்புறம் குடிக்கறேன் அத்தை"ன்னு எத்தனை நாள் சொல்றது? காபியைக் குடிச்சுட்டு பாத்ரூம்ல போய் மாத்திரை முழுங்குவேன். சில நாள் மறந்துடுவேன். வருஷா வருஷம் போக வேண்டிய செக்கப்புக்கும் என்ன சாக்கு சொல்லிட்டுப் போறதுன்னு தெரியாம ரெண்டு வருஷம் போகவே இல்லை.

மே மாச மெட்ராஸ்ல போர்வை போத்திக்கிட்டுத் தூங்கினவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். முடி கொத்துக் கொத்தாக் கொட்டுச்சு. எடை ஏறுச்சு. சொன்னது மறந்து போகும். "பொண்ணு நல்லவதான், ஆனா தூங்குமூஞ்சி"ன்னு பேராச்சு. கடைசியில ஒரு நாள் படியேறும்போது முடியாம உக்காந்துட்டேன். ரத்தப் பரிசோதனையில டி.எஸ்.ஹெச் அறுபதைத் தாண்டி நின்னுச்சு. கோஹர் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தாரே அந்தப் பதினாறு பேர், அவங்களோட நானும் ஒருத்தியா ஆயிருந்தேன். மாத்திரையை வச்சுக்கிட்டே!

ரிப்போர்ட் அத்தை கண்ணுல பட்டுடுச்சு. ரெண்டு நாள் பேசல. மூணாம் நாள் சமையக்கட்டுல சொன்னாங்க, "மறைச்சது கூடப் பரவால்லடி. என் கையால குடுத்த காபி உன் மருந்தைக் கெடுக்குதுன்னு தெரியாம ரெண்டு வருஷம் குடுத்திருக்கேனே." அன்னைலேர்ந்து எனக்குக் காபி ஆறரைக்குத்தான்.

சரி, மாத்திரை கதை ஆச்சு. சுரப்பி இல்லாம வாழறதுக்கு அது. ஆனா கேன்சர் உடம்புல எங்கேயாவது ஒளிஞ்சிருந்தா? அதுக்குத்தான் அயோடின்.

1936 நவம்பர். ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியில ஒரு மதியச் சொற்பொழிவு. பேசினவர் எம்.ஐ.டி. தலைவர் கார்ல் காம்ப்டன். சபையிலேர்ந்து சால் ஹெர்ட்ஸ்னு ஒரு இளம் டாக்டர் கேட்டார், "அயோடினைக் கதிரியக்கம் உள்ளதா மாத்த முடியுமா?" தைராய்டு அயோடினை உறிஞ்சும்னு அவருக்குத் தெரியும். மருந்தே முகவரி தேடிப் போகுமேங்கற யோசனை. 1938-ல பெர்க்லியில லிவிங்குட், சீபோர்க் ரெண்டு பேரும் அயோடின்-131-ஐக் கண்டுபிடிச்சாங்க. 1941 மார்ச் 31 அன்னைக்கு ஹெர்ட்ஸ் முதல் நோயாளிக்குக் கதிரியக்க அயோடின் கொடுத்தார். அது தைராய்டு அதிகமாச் சுரக்கற நோய்க்கு. கேன்சருக்குக் கொடுத்தவர் நியூயார்க்ல சாமுவேல் சைட்லின். அவரோட நோயாளிக்கு 1923-லேயே தைராய்டை எடுத்தாச்சு. ஆனா பல வருஷம் கழிச்சு, தைராய்டு அதிகமானா வர்ற படபடப்பும் மெலிவும் வருது. சுரப்பியே இல்லாதவருக்கு எப்படி? பரவின கேன்சர் கட்டிகளே தைராய்டு வேலையைச் செய்துக்கிட்டு இருந்துச்சு. அப்ப அதுவும் அயோடினை இழுக்குமே! கொடுத்தாங்க, இழுத்துச்சு, வலி குறைஞ்சு எடை கூடினார். 1946-ல இதைப் பிரசுரம் பண்ணாங்க. பழைய ஹிஸ்டரியைக் கையில வச்சுக்கிட்டுத் திரும்பி வந்த இன்னொரு ஆள், பாருங்க.

நம்ம நாட்டுல 1956 ஆகஸ்ட்ல ட்ராம்பேயில அப்சரா அணு உலை ஓட ஆரம்பிச்சது. 1963-ல மும்பை பரேல்ல கதிரியக்க மருத்துவ மையம் வந்தது. அந்த வழியா 2009-ல எனக்கும் ஒரு மாத்திரை வந்து சேர்ந்தது. அதுக்கு முன்னாடி தைராக்ஸின் கொடுக்காம வாரக்கணக்கா விட்டு வச்சு, அயோடின் இல்லாத சாப்பாடு சாப்பிடச் சொன்னாங்க. உடம்பு அயோடினுக்குப் பசியோட காத்திருக்கணுமாம். இங்கதான் ஒரு கூத்து. 1956-லேர்ந்து காங்ரா பள்ளத்தாக்குல டாக்டர் வி. ராமலிங்கசுவாமி குழு அயோடின் உப்பு கொடுத்துக் கழலை குறையுதுன்னு நிரூபிச்சாங்க. 1962-ல தேசியத் திட்டம். 2006-ல, சாப்பிடறதுக்கு அயோடின் சேர்க்காத உப்பு விக்கக் கூடாதுன்னு தடை திரும்ப வந்தது. அம்பது வருஷமா நாடே அயோடினை உப்புல சேர்க்கப் பாடுபட்டிருக்கு, எங்கப்பா அயோடின் இல்லாத உப்புக்காகத் தூத்துக்குடி சொந்தக்காரருக்கு ஃபோன் போட்டுக்கிட்டு இருந்தார்!

மூணு நாள் தனி அறை. சாப்பாட்டைக் கதவோரம் வச்சுட்டுப் போவாங்க. எச்சில் சுரப்பி கெடாம இருக்கப் புளிப்பு மிட்டாய். டாய்லெட்ல ரெண்டு தடவை ஃப்ளஷ். மீட்டரோட ஒருத்தர் வாசல்ல நின்னு அளந்து பார்த்து, "குறைஞ்சிடுச்சு, போகலாம்"னார். அயோடின்-131 எட்டு நாளுக்கு ஒரு தடவை பாதியாகும். எண்பது நாள்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் மிச்சம். ஜனங்க கண்ணுல இருக்கற பயத்துக்கு அப்படி அரை ஆயுள் எதுவும் இல்லை.

எதிர் வீட்டு அம்மா அட்டிகைன்னதும் இன்னொண்ணு ஞாபகம் வந்தது. 1986-ல செர்னோபில்ல வெடிச்சப்ப காத்துல கலந்ததும் இதே அயோடின்-131தான். புல்லுல படிஞ்சு, மாட்டுப் பால்ல இறங்கி, குழந்தைகள் தைராய்டுல சேர்ந்தது. 2005 வரைக்கும் 6,000-க்கும் மேற்பட்டவங்களுக்குத் தைராய்டு கேன்சர் கண்டுபிடிச்சாங்க. அவங்கள்ல அதுவரை இறந்தது 15 பேர். அந்தப் பிள்ளைங்க கழுத்துத் தழும்புக்கு ஊர்ல ஒரு பேரு உண்டு, செர்னோபில் நெக்லஸ். ஆயிரக்கணக்கான பேர் அதைப் போட்டுக்கிட்டு வளர்ந்து ஆளாகி இருக்காங்க. அத்தனை பேர் பிழைச்சதுக்கு ஒரு காரணம், அவங்களை விடாம வரவழைச்சுப் பரிசோதிச்சதுதான்.

நம்ம ஊருக்கு வருவோம். 1923-ல டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியோட தங்கை புற்றுநோயில இறந்தாங்க. அந்தத் துக்கத்தை அவங்க முப்பது வருஷம் மறக்கல. 1952-ல நேரு அடிக்கல் நாட்டி, 1954 ஜூன்ல அடையார் கேன்சர் இன்ஸ்டிடியூட் 12 படுக்கையோட திறந்தது. அடுத்த வருஷம் சேர்ந்த டாக்டர் சாந்தா 2021 ஜனவரியில காலமாகற வரைக்கும் அங்கேயேதான் வாழ்க்கை. 1981-ல சென்னைக்கான புற்றுநோய்ப் பதிவேட்டையும் அங்க ஆரம்பிச்சாங்க. யாருக்கு வந்தது, என்ன ஆச்சுன்னு ஊர் முழுக்கக் கணக்கு. கேன்சர்னாலே முடிஞ்சதுன்னு சொன்ன ஊர்ல, "இல்லை, இத்தனை பேர் இருக்காங்க"ன்னு எண்ணிக் காட்டணும்னா, இருக்கறவங்க "நான் இருக்கேன்"னு சொல்லணும் இல்லையா?

இந்த வார்த்தையே கூட மாறிக்கிட்டு வருது. தென் கொரியாவுல 1999-க்கு அப்புறம் கண்டவங்களுக்கும் கழுத்து ஸ்கேன் எடுத்து, 2011-ல பார்த்தா தைராய்டு கேன்சர் 1993-ல இருந்ததைப் போல 15 மடங்கு. இறப்பு மட்டும் மாறவே இல்லை. அதாவது, தொந்தரவே பண்ணாத பலதையும் தேடிப் பிடிச்சு வெட்டியிருக்காங்க. 2016-ல, உறைக்குள்ளேயே அடங்கிக் கிடக்கற ஒரு வகைக் கட்டிக்குக் கேன்சர்ங்கற பேரையே நிபுணர்கள் எடுத்துட்டாங்க. அதுக்காக எல்லாமே சாதுன்னு நினைக்காதீங்க. மெடுல்லரி, அனாபிளாஸ்டிக் வகையெல்லாம் வேற ரகம், அதுக்கு இந்த அயோடின் வேலை செய்யாது. எனக்கும் எதிர் வீட்டுப் பொண்ணுக்கும் வந்தது பாப்பிலரி. அதிகமா வர்றதும் அதுதான், பெரும்பாலானவங்க நீண்ட நாள் இருக்கறதும் அதுலதான்.

ஆனா 'இருக்கறது'ன்னா மறந்துட்டு இருக்கறது இல்லை. இன்னும் வருஷா வருஷம் தைரோகுளோபுலின் பரிசோதனை உண்டு. ரிசல்ட் வர்றதுக்கு முந்தின ராத்திரி எனக்கு இன்னும் தூக்கம் வராது. ஆரம்பத்துல டி.எஸ்.ஹெச்சைக் கீழேயே அழுத்தி வைக்க மாத்திரை கூடவே கொடுத்தாங்க. அப்படியே வருஷக் கணக்கா விட்டா எலும்பு தேயும், இதயத் துடிப்பு தாறுமாறாகும்னு அப்புறம் குறைச்சாங்க. கர்ப்பத்துல திரும்பக் கூட்டினாங்க. 2015-ல பையன் பொறந்தான். இதுல எதுவுமே மறைச்சுச் செய்யற காரியம் இல்லை. வீட்டுல நாலு பேருக்குத் தெரிஞ்சாத்தான் நடக்கும்.

சாயங்காலம் எதிர் வீட்டுக்குப் போனேன். "நான் முழுசாச் சொல்லலைம்மா, அதனால கிட்டத்தட்ட படுத்துட்டேன்"னு காபி கதையில ஆரம்பிச்சு எல்லாத்தையும் சொன்னேன். மாத்திரையை மறைச்சா உடம்பு காட்டிக் கொடுத்துடும்னேன். அந்தம்மா முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டு, "சொல்லி, வேண்டாம்னுட்டா?"ன்னாங்க. அதுக்கு நான் என்ன சொல்ல முடியும்? சரித்திரத்துல அதுக்குப் பதில் இல்லை. என் வீட்டுக்காரர் "சரி"ன்னார்ங்கறதுக்காக எல்லாரும் சொல்லுவாங்கன்னு உறுதி கொடுக்க முடியாது.

உள்ளே இருந்து அந்தப் பொண்ணுதான் வந்தா. "நானே பேசிக்கறேன் அக்கா. ரிப்போர்ட்டையும் காட்டிடறேன்"னா. திங்கக்கிழமை பேசிட்டா. மாப்பிள்ளை வீட்டுலேர்ந்து இன்னும் பதில் வரலை. பையன் மட்டும் ஒரு தடவை ஃபோன் பண்ணி, மாத்திரையை எத்தனை மணிக்குப் போடணும்னு கேட்டானாம். நல்ல சகுனம்னு நான் நினைக்கறேன். அந்தம்மா கருமாரிக்கு வேண்டிக்கிட்டிருக்காங்க.

பதில் வந்ததும் இங்க எழுதறேன். உங்க வீட்டுல, தெருவுல யாருக்காவது இந்தக் கோடு இருந்தா பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. பேர் வேண்டாம், எத்தனை வருஷம் ஆச்சுன்னு மட்டும் போதும்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. மாத்திரை அளவெல்லாம் உங்க டாக்டர்கிட்ட கேளுங்க. காபி விஷயத்துல மட்டும் என்னை நம்பலாம்.